விலை நாற்பது, செலவு நூறு: ஒரு கடற்படையின் கணக்கு

இணையத்தில் நான் ஒரு கடற்படை வியூக விளையாட்டு ஆடுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், முதலில் வரும் கேள்வி, "எத்தனை கப்பலை மூழ்கடிச்சீங்க?" என்பதுதான். ஆட்டத்தில் ஆண்டுகள் பல ஓடியும் என் நாட்டின் பீரங்கி ஒருமுறைகூட வெடிக்கவில்லை. அவ்வளவு காலமும் நான் பார்த்த வேலை ஒன்றே ஒன்று. நாட்டின் ராணுவ பட்ஜெட்டை கூகுள் ஷீட்டில் எழுதுவது, திருத்துவது, மறுபடி எழுதுவது. இதைவிட விறுவிறுப்பான விளையாட்டை நான் ஆடியதில்லை. ஏன் என்று இந்தப் பதிவில் விரிவாகவே சொல்கிறேன். காரைக்காலில் உட்கார்ந்து இதை ஆடுகிறவனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கரைக்கு எதிரே நடந்த ஒரு கடற்போரின் விளைவு இப்படிப்பட்ட ஒரு கணக்கில்தான் தீர்மானமானது. அதற்கும் வருகிறேன்.

ஆட்டம் எப்படி நடக்கிறது

ஆளுக்கு ஒரு நாடு. எல்லாம் கற்பனை நாடுகள். ஆனால் காலம் 1920களின் தொடக்கம். கப்பல், பீரங்கி, எஞ்சின், எண்ணெய் எல்லாம் அந்தக் காலத்து நிஜத்தை ஒட்டியவை. ஆட்டத்தின் ஒவ்வொரு அரையாண்டுக்கும் ஒரு ஷீட்டை நடுவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கூட்டிக் கழித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே கப்பல் நகரும். ஷீட்டில் எண்ணெய் இல்லையென்றால் கடலிலும் இல்லை.

என் ஷீட்டில் ஆறு டேப். முதலாவது வரவு. இரண்டாவது கட்டுமானம்: எந்தக் கப்பல் எந்தத் தளத்தில், எத்தனையாவது தவணையில் இருக்கிறது என்ற விவரம். மூன்றாவது பராமரிப்பு. நான்காவது துறைமுகமும், தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக்கும். ஐந்தாவது ஆட்கள்: பயிற்சி, சம்பளம், ஓய்வூதியம். ஆறாவது கையிருப்பு: எண்ணெய், நிலக்கரி, குண்டு, உணவு. புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டாவது டேப்பிலேயே குடியிருப்பார்கள். கப்பலுக்குப் பெயர் வைப்பதும், பீரங்கியை எங்கே பொருத்தலாம் என்று யோசிப்பதும் ஆனந்தமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் போக்கை முடிவு செய்பவை மூன்று முதல் ஆறு வரையான டேப்புகள்.

இந்த வகை விளையாட்டுக்கு நல்ல பரம்பரை உண்டு. பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் கடற்போர் விளையாட்டு ஒன்றுக்கு விதிகள் எழுதினார். 1898இல் உலகப் போர்க்கப்பல்களையெல்லாம் படத்தோடும் விவரத்தோடும் தொகுத்து ஒரு புத்தகமும் வெளியிட்டார். அந்தத் தொகுப்பு இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. உலகக் கடற்படைகள் எல்லாம் புரட்டுகிற ஏடு அது. அண்மைக்காலத்தில் 'ரூல் தி வேவ்ஸ்' என்ற கணினி விளையாட்டு இருக்கிறது. அதன் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. தனி ஆளாக ஆடுவது. ஒரு நாட்டின் கடற்படைத் தலைவராக மாதாமாதம் பட்ஜெட்டைப் பார்க்க வேண்டும். பணம் போதாவிட்டால் கப்பல்களை முழுச் சேவையிலிருந்து இருப்புப் படைக்கு இறக்கலாம், அல்லது மூடிப்போட்டுவிடலாம். மிச்சமாகும். ஆனால் போர் வந்தால் அந்தக் கப்பல் உடனே கைகொடுக்காது. பராமரிப்பு ஒரு முடிவு, அதற்கு விளைவு உண்டு என்பதை அந்த ஆட்டம் அழகாக உணர்த்துகிறது. எங்கள் ஆட்டம் அதே பாடத்தை இன்னும் கறாராக நடத்துகிறது. காரணம், எதிரே இருப்பது கணினி இல்லை, கணக்குத் தெரிந்த மனிதர்கள்.

நாற்பது எப்படி நூறாகிறது

எங்கள் விதிப்படி ஒரு பெரிய போர்க்கப்பலின் விலை 40 அலகு என்று வையுங்கள். கட்ட மூன்று ஆண்டு. என் நாட்டின் கடற்படைக்கு ஆண்டு வரவு 30 அலகு. ஒரு கப்பல் போட்டால் ஆண்டுத் தவணை பதின்மூன்று சொச்சம். தாங்கலாம். "சரி, மூன்று போடுவோம்" என்று கை துறுதுறுக்கும். மூன்று போட்டால் ஆண்டுக்கு 40. வரவோ 30. இது எல்லோர் கண்ணுக்கும் படுகிற தப்பு, நடுவரே நிறுத்திவிடுவார்.

கண்ணுக்குப் படாதது வேறு. கப்பல் கடலில் இறங்கிய நாளிலிருந்து விலையில் நூற்றுக்கு ஐந்து வீதம் ஆண்டுதோறும் பராமரிப்பு. அதாவது 2 அலகு. ஆயுள் 25 ஆண்டு என்றால் 50. நடுவில் ஒருமுறை எஞ்சினையும் பீரங்கிக் கட்டுப்பாட்டையும் புதுப்பிக்க 10. ஆக, 40 அலகுக் கப்பலின் முழுச் செலவு 100. வாங்குகிற அன்று தெரிவது அதில் பாதிகூட இல்லை. இப்படி ஆறு கப்பல் வைத்திருந்தால், புதிதாக ஒரு ஆணிகூட அடிக்காமலேயே ஆண்டுக்கு 12 அலகு போய்விடும். வரவு 30இல் 12 போக, சம்பளம், எண்ணெய், துறைமுகம் போக, அடுத்த தலைமுறைக் கப்பலுக்கு எவ்வளவு மிஞ்சும்?

அதனால் என் கட்டுமான டேப்பில் 'விலை' என்ற பத்தியை ஒட்டியே 'ஆயுள் செலவு' என்ற பத்தி வைத்திருக்கிறேன். ஒரு கப்பலை யோசிக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்குப் பிறகும் அந்தக் கப்பல் வேண்டும் என்று தோன்றினால், அது உண்மையிலேயே வேண்டிய கப்பல்.

இதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். படகின் விலையைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். டீசல், ஐஸ், வலை, ஆட்களின் பங்கு என்றுதான் பேச்சு ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வருமானம் கிடையாது. ஆனால் பெரிய செலவே அப்போதுதான். படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டி, வலை சீர்செய்து முடிப்பதற்குள் கையில் இருந்தது கரைந்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைத்தவருடைய படகுதான் ஜூன் 15ஆம் தேதி முதல் வரிசையில் கடலுக்குப் போகும். ஒரு நாட்டின் கப்பற்படைக்கும் இதே நியதிதான்.

ஒப்பந்தமும் ஒரு பட்ஜெட்தான்

எங்கள் ஆட்டத்தில் அதிகம் சண்டை நடக்கிற இடம் கடல் இல்லை, பேச்சுவார்த்தை மேசை. அதற்கு முன்மாதிரி 1922ஆம் ஆண்டு வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் பெரிய போர்க்கப்பல்களில் ஆளுக்கு 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000, பிரான்சுக்கும் இத்தாலிக்கும் ஆளுக்கு 1,75,000. ஒரு கப்பல் 35,000 டன்னுக்கு மேல் போகக்கூடாது. பீரங்கி 16 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. இதை சமாதான ஒப்பந்தமாகப் படிப்பது வழக்கம். ஷீட்டை வைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி தெரியும். முதல் உலகப் போர் முடிந்து கஜானாக்கள் வற்றிய நேரம். தொடங்கிய கட்டுமானங்களைத் தொடர யாருக்கும் தெம்பில்லை. தனியாக நிறுத்தவும் பயம். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் எல்லோருக்கும் மிச்சம். எதிரியின் கட்டுமான டேப்பைச் சுருக்க நம்முடைய டேப்பை எவ்வளவு சுருக்கலாம் என்பதே அந்த மேசையில் நடந்த பேரம்.

ஆட்டத்தில் இதைப் புரிந்துகொண்ட நாடுகள் டன் கணக்கை விட்டுக்கொடுத்து, மிச்சமான பணத்தை டிரை டாக்கிலும் எண்ணெய்க் கிடங்கிலும் போட்டன. பத்து ஆட்ட ஆண்டு கழித்து அவற்றின் கப்பல் எண்ணிக்கை குறைவு. எந்த நாளிலும் கடலில் இறக்கக்கூடிய கப்பல்களின் எண்ணிக்கையோ அதிகம்.

ஆட்கள் டேப்

1910இல் பிரேசில், பிரிட்டனில் கட்டிய 'மினாஸ் ஜெராயிஸ்' என்ற போர்க்கப்பலைப் பெற்றது. அன்றைய உலகின் மிக வலிமையான கப்பல்களில் ஒன்று. பெரிய வல்லரசுகளே திரும்பிப் பார்த்தன. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கப்பலின் மாலுமிகளே கிளர்ச்சி செய்து, பீரங்கிகளைத் தலைநகர் ரியோ டி ஜெனிரோவின் பக்கம் திருப்பினார்கள். சாட்டையடித் தண்டனையை நிறுத்து என்பது அவர்களுடைய முதல் கோரிக்கை. கப்பலுக்குக் கொட்டிய பணத்தோடும் அக்கறையோடும் ஒப்பிட்டால், அதை ஓட்டிய மனிதர்கள் கணக்கிலேயே இல்லை. ஆட்கள் டேப்பில் கை வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அந்த டேப்பின் கடைசி வரி ஓய்வூதியம். போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆனாலும் தீராத வரி அது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தாக்களும் அவர்களின் குடும்பங்களும் புதுச்சேரியைப் போலவே காரைக்காலிலும் உண்டு. இந்த ஊரை பிரான்ஸ் 1954 நவம்பர் 1ஆம் தேதி ஒப்படைத்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. ஆட்சி போன பிறகும் அந்த வீடுகளுக்கு பிரெஞ்சு ஓய்வூதியம் வந்தது. ஒரு சிப்பாயைச் சேர்க்கிற அன்று எழுதுகிற எண், ஒரு சாம்ராஜ்யம் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்குச் சான்று வேண்டாம்.

1758, காரைக்கால் கரைக்கு எதிரே

இப்போது எங்கள் ஊர்க் கதை. 1739இல் தஞ்சை மராட்டியரிடம் பணம் கொடுத்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். 1758 ஏப்ரல் இறுதியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி பெரும் படையோடு இந்தக் கரைக்கு வந்து இறங்கினார். கப்பல்களுக்குத் தலைவர் தஷே. ஜூன் தொடக்கத்தில் கடலூரை ஒட்டிய ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி பிடித்தார். அடுத்த இலக்கு சென்னை. ஆனால் புதுச்சேரி கஜானாவில் பணம் இல்லை. கப்பல்களைச் சென்னைக்குக் கொண்டுவர தஷே ஒப்பவில்லை.

தஞ்சை மன்னர் முன்னொரு காலத்தில் எழுதிக் கொடுத்த 56 லட்சம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அதை வசூலிக்கத்தான் லாலியின் படை தெற்கே திரும்பியது. சம்பளமும் சாப்பாடும் இல்லாத படை காரைக்கால் வழியாக வந்தது. நாகூரைக் கொள்ளையடித்தது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடியது. ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி அங்கிருந்த பிராமணர்களைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டது. வரவு டேப் காலியான ஒரு படை போகிற வழியில் யாருக்கு என்ன நேரும் என்பதை நம் வட்டாரத்து ஜனங்கள் உடம்பால் அறிந்த வருடம் அது.

லாலியின் படை தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, ஆகஸ்ட் 3ஆம் தேதி, நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் எதிரே தஷேயின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி போக்காக்கின் கப்பல்களும் மோதின. இரண்டு பக்கமும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனால் அடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் புதுச்சேரிக்கு ஒதுங்கின. ஆங்கிலேயக் கப்பல்கள் காரைக்காலுக்கு எதிரே நின்றன. முற்றுகைக்கு வேண்டிய வெடிமருந்தும் உணவும் வரவேண்டிய வழி காரைக்கால்தான். செய்தி எட்டியதும் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். தொகை வசூலாகவில்லை.

இனிமேல்தான் என் ஷீட்டின் நான்காவது டேப் பேசுகிறது. சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லை. அரசலாற்று முகத்துவாரத்தில் பெரிய கப்பல் நுழையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். சரக்கையும் ஆட்களையும் சலங்குப் படகில் கரைசேர்க்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களைப் புயல் ஒரே இரவில் சிதைத்தது நினைவிருக்கும் காலம். அடிபட்ட கப்பலுக்குப் பாய்மரம் மாற்ற வேண்டுமென்றால் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய மொரிஷியஸ் தீவுக்குப் போக வேண்டும். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆங்கிலேயருக்கோ பம்பாயில் 1750இலேயே டிரை டாக் தயார். செப்டம்பர் தொடக்கத்தில் தஷே மொரிஷியஸுக்குப் புறப்பட்டார். கரை ஓராண்டு காலம் கப்பலின்றி நின்றது.

1759 செப்டம்பரில் திரும்பி வந்தார். 10ஆம் தேதி மறுபடி ஒரு போர். மறுபடியும் யாருக்கும் கப்பல் மூழ்கவில்லை. புதுச்சேரியில் கொஞ்சம் பணத்தையும் கொஞ்சம் ஆட்களையும் இறக்கிவிட்டுப் போனவர் அதன் பிறகு வரவே இல்லை. 1760 ஜனவரியில் வந்தவாசி, ஏப்ரலில் காரைக்கால், 1761 ஜனவரியில் புதுச்சேரி என்று எல்லாம் விழுந்தன. புதுச்சேரித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களையும் சரக்கையும் பணத்தையும் தமிழில் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன் காலமானார்.

இந்தக் கதையில் எந்தப் பெரிய கடற்போரிலும் பிரெஞ்சுக் கப்பற்படை அழியவில்லை. அதன் வீரத்திலும் குறை சொல்ல முடியாது, தஷேயே காயம்பட்டவர். இல்லாமல் போனது ஒரு டிரை டாக், ஒரு பாய்மரக் கிடங்கு, மாதச் சம்பளம். இருபத்துச் சொச்சம் ஆண்டு கழித்து வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் இதைப் புரிந்துகொண்டவர். 1782இல் சிறிய கப்பல்களின் பாய்மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் மாட்டிக்கொண்டு, மொரிஷியஸுக்குத் திரும்பாமல் இந்தக் கரையிலேயே நின்றார். ஆகஸ்ட் இறுதியில் அவர் பிடித்த இடம் திருகோணமலை. புயலிலும் கப்பலைக் காக்கும் துறைமுகம். பல கடற்போர்களைவிட அந்த ஒரு துறைமுகம் அவருக்குப் பெரிது. அவருடைய முடிவுகளை என் ஷீட்டில் பொருத்திப் பார்த்தபோது அவர் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

நம் நாட்டுக் கணக்கு

இந்தப் பழக்கம் வந்த பிறகு மத்திய பட்ஜெட்டை நான் படிக்கிற விதமே மாறிவிட்டது. 2025-26இல் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். தலைப்புச் செய்தியில் வரும் எண் அது. உள்ளே போனால், புதிய ஆயுதம், கப்பல், விமானம் வாங்கும் மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி, ஓய்வூதியம் 1.60 லட்சம் கோடி. இரண்டும் ஏறத்தாழ அருகருகே நிற்கின்றன. மீதியில் பெரும்பகுதி சம்பளமும் அன்றாடப் பராமரிப்பும். மூலதனச் செலவிலும் கணிசமான பங்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணை. அந்த ஆண்டில் புதிதாக முடிவு செய்யக்கூடிய தொகை, தலைப்பில் பார்த்ததில் சிறு துண்டு.

'விக்ரமாதித்யா' விமானந்தாங்கிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டபோது கப்பலைப் புதுப்பிக்கப் பேசிய தொகை 97.4 கோடி டாலர். 2013 நவம்பரில் சேவைக்கு வந்தபோது அது சுமார் 235 கோடி டாலர். பழைய கப்பலைப் பிரித்துப் பார்த்தால்தான் எவ்வளவு கம்பி மாற்ற வேண்டும் என்பது தெரியும். 2022 செப்டம்பர் 2இல் சேவைக்கு வந்த புதிய 'விக்ராந்த்' கொச்சியிலேயே கட்டியது. சுமார் 20,000 கோடி ரூபாய். அந்தப் பணத்தோடு கூடவே கப்பல் கட்டத் தெரிந்த தொழிலாளர்கள் நமக்குக் கிடைத்தார்கள், உள்நாட்டு எஃகும் கிடைத்தது. இதைச் செலவு என்று மட்டும் எழுதினால் கணக்கு முழுமையாகாது. என் ஷீட்டில் இதைத் துறைமுக டேப்பிலும் வரவாக எழுதுவேன்.

தொடங்குகிறவர்களுக்கு

இந்த ஆட்டத்தை ஆட நினைப்பவர்களுக்கு என் ஷீட்டிலிருந்து சில விதிகள்:

1. பராமரிப்பு, சம்பளம், எண்ணெய் மூன்றையும் முதலில் கழியுங்கள். மிஞ்சியதுதான் கட்டுமானப் பணம்.

2. ஒவ்வொரு கப்பலுக்கும் ஓய்வு பெறும் ஆண்டைக் கட்டும்போதே எழுதுங்கள். ஒரே ஆண்டில் ஐந்து கப்பல் ஓய்வு பெறுவது இன்றே தெரிந்தால், தவணைகளைப் பரப்பலாம்.

3. டிரை டாக்குக்கு ஒரு நாள்காட்டி போடுங்கள். மூன்றில் ஒரு கப்பல் எப்போதும் பழுதுபார்ப்பில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

4. தூரத்தைக் கணக்கில் ஏற்றுங்கள். பழுதுபார்க்க நாலாயிரம் கிலோமீட்டர் போகிற கப்பல், அவ்வளவு காலமும் உங்களிடம் இல்லாத கப்பல்.

5. மதிப்பீட்டை ஒரு பத்தியிலும் உண்மையில் ஆன செலவை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு அரையாண்டும் படியுங்கள். உங்கள் நாட்டைப் பற்றி அதைவிட நேர்மையாக வேறு எதுவும் சொல்லாது.

விளையாட்டே ஆடாதவர்களுக்கும் கடைசி விதி பொருந்தும். ஒவ்வொரு பிப்ரவரி 1ஆம் தேதியும் மத்திய பட்ஜெட் வரும்போது, முடியப்போகும் ஆண்டுக்கான முதல் மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும் அடுத்தடுத்த பத்திகளில் அச்சாகி வருகின்றன. பாதுகாப்புத் துறையின் அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். வாங்கப்போகிறோம் என்று சொன்ன பணம் செலவானதா, பராமரிப்புக்கு ஒதுக்கியது போதுமானதாக இருந்ததா என்று கேளுங்கள். உங்கள் தொகுதி எம்பி ஊருக்கு வரும்போது அவரிடமும் கேளுங்கள். அது நம் வரிப்பணம். கப்பலில் போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கணக்கைப் படிக்கக் கூட்டலும் கழித்தலும் போதும்.